26 வயது வரை அப்பா இன்ஷூரன்ஸ்: ஒபாமாகேர் இளைஞர்களுக்கு எதைக் கொடுத்தது, எதை விட்டுவிட்டது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மிஷெல் என்ற பெண்ணுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. கீமோதெரபி முடியும்வரை பாடங்களைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள் மருத்துவர்கள். ஆனால் குறைத்தால் அவர் முழுநேர மாணவி இல்லை என்று ஆகிவிடும். முழுநேர மாணவியாக இல்லாவிட்டால் பெற்றோரின் காப்பீட்டிலிருந்து பெயர் போய்விடும். அதனால் அவர் கீமோவையும் முழுப் பாடச்சுமையையும் ஒன்றாகவே இழுத்துக்கொண்டு போனார். பட்டம் வாங்கினார். 2005-இல் இறந்துபோனார். 2008-இல் அவர் பெயரிலேயே ஒரு தேசியச் சட்டம் வந்தது. கடும் நோயால் விடுப்பு எடுக்கும் மாணவரின் காப்பீட்டை ஓராண்டு வரை ரத்து செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வரை போக வேண்டியிருந்தது.

அன்றைய நடைமுறை அப்படி. பெரும்பாலான திட்டங்களில் பிள்ளைக்கு 19 வயதானால் பெயரை நீக்கிவிடுவார்கள். கல்லூரியில் முழுநேரம் படித்தால் 22, 23 வரை ஓடும். பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு காப்பீடும் முடியும். அதற்கப்புறம் கிடைக்கும் முதல் வேலை உணவகத்திலோ கடையிலோ சின்னக் கம்பெனியிலோ இருக்கும். அங்கெல்லாம் இன்ஷூரன்ஸ் என்ற பேச்சே இருக்காது. தனியாகப் பாலிசி வாங்கப் போனால், ஆஸ்துமா, சர்க்கரை, மனச்சோர்வு என்று பழைய நோய் எதையாவது காட்டி மறுத்துவிடலாம். அன்று அது பல மாநிலங்களில் சட்டப்படியே சரி. ஆக, அமெரிக்காவில் எந்த வயதினரைவிடவும் காப்பீடு இல்லாமல் அதிகம் இருந்தவர்கள் இருபதுகளில் இருந்தவர்கள்தான். ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்ற வாலிபத் திமிரால் அவர்கள் வாங்குவதில்லை என்று அப்போது ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மைதான். மீதிப் பாதி, வாங்க வழியே இல்லாதது.

மாநிலங்கள் முயன்று பார்க்காமல் இல்லை. மாசசூசெட்ஸ் 2006-இல் மிட் ராம்னி ஆளுநராக இருந்தபோது ஒரு பெரிய சீர்திருத்தம் கொண்டுவந்தது. இளைஞர்களுக்கென்றே மலிவான திட்டங்களும் அதில் இருந்தன. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் வயது வரம்பை முப்பதை ஒட்டி உயர்த்தின. ஆனால் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி வாங்குவதில்லை. ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, கணக்கு வழக்கு பார்க்க மட்டும் காப்பீட்டு நிறுவனத்தை வைத்துக்கொள்கின்றன. ‘எரிசா’ என்ற 1974-ஆம் ஆண்டுத் தேசியச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட திட்டங்கள் மாநிலக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆகவே மாநிலம் என்ன எழுதினாலும், உழைக்கும் குடும்பங்களில் பெரும்பகுதிக்கு அது போய்ச் சேரவில்லை. இந்த ஓட்டையைத் தேசியச் சட்டத்தால்தான் அடைக்க முடியும்.

2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அதை அடைத்தது. அதற்குத்தான் ‘ஒபாமாகேர்’ என்று பெயர். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எந்தத் திட்டமும் அவர்களுக்கு 26 வயதாகும் வரை வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருக்கலாம், தனி வீட்டில் இருக்கலாம், வேறு மாநிலத்தில் இருக்கலாம், படிப்பை நிறுத்தியிருக்கலாம், கை நிறையச் சம்பாதிக்கலாம், எதுவும் தடையில்லை. மருமகனையோ மருமகளையோ பேரக்குழந்தையையோ சேர்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சட்டத்தின் பெரிய பகுதிகள் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தன. இது மட்டும் 2010 செப்டம்பர் 23-க்குப் பிறகு தொடங்கிய திட்ட ஆண்டுகளிலேயே வந்துவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. அரசின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 19 முதல் 25 வயதுக்காரர்களில் 2010-இல் ஏறக்குறைய 34 சதவீதம் பேருக்குக் காப்பீடு இல்லை. அடுத்த ஆண்டே அது 28 சதவீதமாக இறங்கியது. 2011 முடிவதற்குள் 31 லட்சம் இளைஞர்கள் புதிதாகக் காப்பீடு பெற்றார்கள் என்று அரசு அறிவித்தது. ஒபாமாகேரை வேரோடு பிடுங்குவோம் என்று மேடைக்கு மேடை முழங்கிய குடியரசுக் கட்சிக்காரர்கள்கூட இந்த ஒரு பிரிவில் கை வைக்கவில்லை. 2017-இல் பிரதிநிதிகள் சபையில் அவர்கள் நிறைவேற்றிய மாற்று மசோதாவிலும் 26 வயது விதி அப்படியே இருந்தது.

ஏன் எல்லோருக்கும் இது பிடித்துப்போனது என்றால், அரசு கஜானாவிலிருந்து நேரடியாகப் பணம் எதுவும் எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. செலவு பெற்றோரின் திட்டத்துக்குள், அதாவது முதலாளியும் ஊழியர்களும் சேர்ந்து கட்டும் பிரீமியத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025-இல் வேலை வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் ஏறக்குறைய 27,000 டாலர். அதில் ஏறத்தாழ கால்வாசி ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. பல கம்பெனிகளில் ‘குடும்பம்’ என்றால் ஒரே விலை, பிள்ளை ஒன்றா மூன்றா என்று பார்ப்பதில்லை. அங்கே 24 வயதுப் பையனைச் சேர்ப்பதால் வீட்டுச் செலவு ஒரு பைசாகூட ஏறாது. பிள்ளையே இல்லாத சக ஊழியரின் பங்கிலும் அந்தச் செலவு கொஞ்சம் கலந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

என் பார்வையில் இந்த விதியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இளைஞருக்குக் காப்பீடு கிடைத்தது, ஆனால் அவர் பெயரில் அல்ல. நல்ல இன்ஷூரன்ஸ் தரும் வேலை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிழைத்தார். அம்மா வீட்டுவேலை செய்பவர், அப்பா கூலிக்கு லாரி ஓட்டுபவர் என்றால் 26 வயது விதியால் அவர் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அரசுப் பராமரிப்பில் வளர்ந்து 18 வயதில் வெளியே வந்தவர்களுக்கு மட்டும் சட்டம் பெற்றோர் இடத்தில் நின்றது: 2014 முதல், 26 வயது வரை அவர்களுக்கு மெடிக்கெய்டு, அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு, உண்டு. பெற்றோர் இருந்தும் இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெற்றோர் பெயரில் இருப்பதில் வேறொரு சங்கடமும் உண்டு, அது தபாலில் வரும். ஒருவர் மருத்துவரைப் பார்த்த சில வாரங்களில் காப்பீட்டு நிறுவனம் ‘இஓபி’ என்ற விவரத்தாளை அனுப்பும். மேலே கொட்டை எழுத்தில் ‘இது பில் அல்ல’ என்று இருக்கும். கீழே யார் பார்த்தது, எந்தத் தேதி, என்ன சேவை, எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு தள்ளுபடி, திட்டம் எவ்வளவு கொடுத்தது, நீங்கள் எவ்வளவு தர வேண்டும் என்று வரிசையாக. இந்தத் தாள் போகும் முகவரி பாலிசிக்காரரின் முகவரி. 23 வயதுப் பெண் மனநல ஆலோசகரைப் பார்த்ததும், கருத்தடை சாதனம் பொருத்திக்கொண்டதும், பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொண்டதும் அப்பாவின் அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேரும். அதற்குப் பயந்தே காப்பீடு இருந்தும் கைக்காசு கொடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. பார்க்காமலே விடுகிறவர்களும் உண்டு. வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அந்தரங்கமான சிகிச்சை விவரம் பாலிசிக்காரருக்குப் போகக் கூடாது என்றே சட்டம் போட்டிருக்கின்றன. இந்த உரிமை இருப்பதே எத்தனை இருபது வயதுக்காரர்களுக்குத் தெரியும்?

சரி, 2014-க்கு வருவோம். அந்த ஆண்டில் வந்தது உண்மையில் ஒரு பேரம். காப்பீட்டு நிறுவனங்கள் இனி யாரையும் பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் விலையும் போடக் கூடாது. வயதைப் பார்த்து விலை வைக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு வரம்பு: 64 வயதுக்காரரிடம் வாங்குவது 21 வயதுக்காரரிடம் வாங்குவதைப்போல 3 மடங்குக்கு மேல் போகக் கூடாது. முன்பு 5 மடங்கு, அதற்கு மேலும்கூட இருந்தது. மருத்துவச் செலவின் நிஜ வித்தியாசமும் அந்த அளவில்தான். பெரியவர்களின் விலையை இப்படி அழுத்தினால் இளையவர்களின் விலை மேலே ஏறியாக வேண்டும். ஆரோக்கியமான இளைஞர்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி ஐம்பது தாண்டியவர்களின் சிகிச்சைக்குப் போகும் என்பதுதான் ஏற்பாடு. அதற்கு ஈடாக இளைஞருக்கு மூன்று வந்தன: பழைய நோய்க்கும் பாதுகாப்பு, தடுப்பூசி முதல் கருத்தடை வரை கட்டணமில்லாத் தடுப்புச் சேவை, வருமானம் குறைந்தால் மானியம். வாங்காமல் இருந்தால் அபராதம். முதல் ஆண்டில் 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம், எது அதிகமோ அது. 2016-இல் அது 695 டாலர் அல்லது 2.5 சதவீதம்.

இளைஞர்கள் வராவிட்டால் நோயாளிகள் மட்டும் சேர்வார்கள், விலை ஏறும், ஏறினால் இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொள்வார்கள். இந்தப் பயம் வெள்ளை மாளிகைக்கு நிஜமாகவே இருந்தது. தனியாகக் காப்பீடு வாங்குவோருக்கென அரசு நடத்தும் இணையச் சந்தையாக 2013 அக்டோபர் 1 அன்று திறந்த ஹெல்த்கேர்.கவ் தளம் முதல் நாளே படுத்துவிட்டதும் சேர்ந்துகொள்ள, 2014 மார்ச்சில் அதிபரே ஓர் இணைய நகைச்சுவை நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்து, கிண்டலை வாங்கிக்கொண்டு, ‘வந்து சேருங்கள்’ என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டார். மூன்று வாரத்தில் பதிவுக் காலம் முடிய இருந்தது.

மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் இளைஞர்களுக்கு நெருடல். ஒரே ஊரில் ஆண்டுக்கு 48,000 டாலர் சம்பாதிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம்; ஒருவருக்கு வயது 25, இன்னொருவருக்கு 60. பிரீமியத்தைக் கணக்குக்காக நானே வைத்துக்கொள்கிறேன்: அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் ‘வெள்ளி’த் திட்டம் 25 வயதுக்காரருக்கு மாதம் 380 டாலர் என்றால், வயது விகிதப்படி 60 வயதுக்காரருக்குச் சுமார் 1,030 டாலர். இந்த வருமானத்தில் ஒருவர் தன் பங்காக ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது மாதம் 400 டாலர் கட்ட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. அதற்கு மேல் போவதுதான் மானியம். பெரியவருக்கு 600 டாலருக்கு மேல் கிடைக்கிறது. இளைஞரின் பிரீமியமோ 400-க்குள்ளேயே இருப்பதால் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஒரே சம்பளம், இருவர் கையிலிருந்தும் போவது கிட்டத்தட்ட ஒரே தொகை. பெரியவர் எத்தனை முறை மருத்துவரிடம் போவார், இளைஞர் எத்தனை முறை போவார் என்று இளைஞர் யோசிக்காமல் இருப்பாரா?

அவருக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ‘பேரிடர்த் திட்டம்’ என்ற மலிவான வகையை வாங்கலாம். தடுப்புச் சேவைகளும் மூன்று முறை மருத்துவரைப் பார்ப்பதும் அதில் அடக்கம். மற்றதெல்லாம் டிடக்டிபிளை, அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகையை, தாண்டிய பிறகுதான். 2025-இல் அது 9,200 டாலர். விபத்தில் கால் உடைந்து மருத்துவமனைக்குப் போனால் அந்த முதல் தொகை முழுவதும் நம்முடையது. மானியத்தை இந்தத் திட்டத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது. அதனால் இதை வாங்குகிறவர்கள் குறைவு.

பேரத்தின் தூண்கள் பிறகு ஒவ்வொன்றாக ஆட்டப்பட்டன. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. காப்பீடு என்ற பெயரில் விற்கப்படும், பழைய நோயைச் சேர்க்காத ‘குறுகிய காலத்’ திட்டங்களுக்கு 2018-இல் கதவு அகலத் திறந்தது. 2024-இல் பைடன் அரசு அதைப் பெரிதும் மூடியது. இதற்கிடையில் 2021-இல் கோவிட் நிவாரணச் சட்டம் மானியத்தைத் தாராளமாக உயர்த்தியது. யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம், குறைந்த வருமானக்காரர்களுக்குப் பிரீமியமே கிடையாது என்ற நிலை வந்தது. இளைஞர்கள் சந்தைக்குள் வர அபராதத்தைவிட இது அதிகம் உதவியது என்றே நினைக்கிறேன். அந்தக் கூடுதல் மானியத்தின் ஆயுள் 2025 கடைசி வரைதான். அதை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு அலுவலகங்களே முடங்கிக் கிடந்தன. நீட்டிப்பு இல்லாமலே ஆண்டு முடிந்தது.

மெடிக்கெய்டு கதை இன்னும் விசித்திரம். வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும், பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசுக் காப்பீடு என்பதுதான் சட்டத்தின் திட்டம். 2025 கணக்கில் தனி ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 21,600 டாலர். பகுதிநேர வேலை பார்க்கும் இருபது வயதுக்காரர்கள் பெருமளவு இதற்குள் வருவார்கள். 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், விரும்பும் மாநிலம் மட்டும் செய்தால் போதும் என்றது. டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா உட்படப் பத்து மாநிலங்கள் 2025 வரைக்கும் முழுமையாகச் செய்யவில்லை.

டெக்சார்கானா என்று ஓர் ஊர். பாதி டெக்சஸில், பாதி ஆர்கன்சாவில். நடுவில் ஓடும் தெருவின் பெயரே ஸ்டேட் லைன் அவென்யூ. பிள்ளை இல்லாத 24 வயது இளைஞர் ஒருவர் ஆண்டுக்கு 14,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் ஆர்கன்சா பக்கம் வாடகைக்கு இருந்தால் அவருக்கு அரசுக் காப்பீடு உண்டு. டெக்சஸ் பக்கம் இருந்தால் மெடிக்கெய்டும் இல்லை, சந்தையில் மானியமும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை மெடிக்கெய்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதிய சட்டம், அவர்களுக்கு மானியம் வைக்கவில்லை. இன்னும் 2,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் மானியம் கிடைத்திருக்கும்!

அதே ஆர்கன்சாதான் 2018 ஜூனில், மெடிக்கெய்டு வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டு என்ற விதியை நாட்டிலேயே முதலில் அமல்படுத்தியது. முதலில் 30 முதல் 49 வயதுக்காரர்கள். ஆரம்பத்தில் இணையதளம் வழியாக மட்டுமே கணக்குக் காட்ட முடியும்; அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத் திறக்கும். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் வேலையில் இருந்தவர்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதியானவர்கள். கணக்குக் காட்டுவதில்தான் தவறினார்கள். 2019 ஜனவரியில் 19 முதல் 29 வயதுக்காரர்களிடம் விதி வந்து சேர்ந்தது. மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. இப்போது 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாக அதே 80 மணி நேர விதி, மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களுக்கெல்லாம் வருகிறது. அமலாக்க வேண்டிய கடைசித் தேதி 2027 ஜனவரி 1. இந்த வாரம் 30 மணி நேரம், அடுத்த வாரம் 12 மணி நேரம் என்று ஷிஃப்ட் மாறும் வேலைகளில் அதிகம் இருப்பவர்கள் இளைஞர்கள்தான்.

சரி, பெற்றோரின் திட்டத்தில் இருப்பவருக்கு 26 நிறைந்தால்? அதுவும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். வேலை வழித் திட்டங்கள் சில பிறந்தநாளிலேயே நிறுத்தும், பல அந்த மாதக் கடைசியில் நிறுத்தும். பெற்றோர் தேசியச் சந்தையில் வாங்கிய திட்டம் என்றால் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை ஓடும். தன் சொந்த வேலையில் காப்பீடு இருந்தால் பொதுவாக 30 நாளுக்குள் சேர வேண்டும். சந்தையில் வாங்குவதென்றால் முன்னே 60 நாள், பின்னே 60 நாள் அவகாசம். ‘கோப்ரா’ என்ற சட்டத்தின் வழியாகப் பெற்றோரின் கம்பெனித் திட்டத்திலேயே 36 மாதம் வரை தொடரலாம்; ஆனால் முதலாளியின் பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், மேலே 2 சதவீதத்தையும் தானே கட்ட வேண்டும். நடுவில் சிகிச்சையில் இருப்பவர்தான் அந்த விலைக்கு ஒப்புவார். காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் முன்பு 19 வயதில் எகிறும். இப்போது 26-இல் எகிறுகிறது. நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்கள் 30 வரை நீட்டிக்க வழி வைத்திருக்கின்றன, ஆனால் மேலே சொன்ன எரிசா அங்கேயும் குறுக்கே நிற்கிறது.

அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் குழப்பம் ஒன்று. எச்-1பி விசாவில் வந்தவரின் பிள்ளை எச்-4 விசாவில் இருக்கும். குடியேற்றச் சட்டத்துக்கு 21 வயதோடு பிள்ளை பிள்ளை இல்லை. எஃப்-1 மாணவர் விசாவுக்கோ வேறெதற்கோ மாறியாக வேண்டும். காப்பீட்டுக்கு அந்த 21 பொருட்டே இல்லை. எஃப்-1 ஆனாலும், படிப்பு முடித்த மாணவருக்குத் தரப்படும் ‘ஓபிடி’ என்ற தற்காலிக அனுமதியில் வேலை பார்த்தாலும், 26 வரை அப்பாவின் கம்பெனித் திட்டத்தில் இருக்கலாம். விசா மாறியதும் இன்ஷூரன்ஸும் போய்விட்டது என்று நினைத்துப் பல்கலைக்கழகத்தின் மாணவர் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டத் தேவையில்லை. பெற்றோரின் திட்டம் நிகரானது என்று காட்டி விலக்குக் கேட்டால் பல பல்கலைக்கழகங்கள் தரும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: நியூ ஜெர்சியில் எடுத்த திட்டத்தின் நெட்வொர்க், அதாவது அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களும் மருத்துவமனைகளும், அரிசோனாவில் இருக்கிறதா? பல திட்டங்களில் வெளிமாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணம் கிடைக்கும்.

ஊரிலிருந்து நேராக எம்.எஸ். படிக்க வருகிறவர்களுக்கு அப்பா இன்ஷூரன்ஸ் என்ற சங்கதியே இல்லை. படிக்கும்வரை பல்கலைக்கழகத் திட்டம் இருக்கும். படிப்பு முடிந்து ஓபிடி தொடங்கி, வேலை இன்னும் கிடைக்காத மாதங்கள்தான் ஆபத்தானவை. அப்போது மலிவு என்று பயணக் காப்பீடு மாதிரியான திட்டங்களை வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் பழைய நோய்க்குப் பணம் வராது, மொத்தத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. மாணவர் திட்டம் முடிந்த 60 நாளுக்குள் சந்தைக்குப் போனால் முழுமையான திட்டமே வாங்கலாம். சட்டப்படி தங்கியிருப்பவர் என்ற முறையில், வருமானம் பொருந்தினால் மானியத்தோடு. ஆனால் இந்த மானியத்துக்கும் 2025 சட்டம் தேதி குறித்துவிட்டது. 2027 ஜனவரியிலிருந்து கிரீன் கார்டு வைத்திருப்போரும் வேறு சில குறிப்பிட்ட பிரிவினரும் தவிர, எஃப்-1, எச்-1பி, எச்-4 விசாக்காரர்களுக்கு அது கிடையாது. திட்டத்தை வாங்கலாம், முழு விலையையும் கையிலிருந்து கொடுத்து.